ஆறாம் வகுப்பில் போட்ட பூட்டு!

மே மாதம் வந்துவிட்டால் போதும். நம் ஊர்களில் சுவரொட்டிகளுக்குப் பஞ்சமிருக்காது. 'மாபெரும் கல்வி வழிகாட்டி முகாம்! பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவ மணிகளே, அலைகடலென வாரீர்!' என்று பேருந்து நிலையம் முதல் பள்ளிவாசல் மதில் வரை பளபளக்கும். ஊரிலுள்ள தனவந்தர்கள் அனைவருக்கும் சால்வை போர்த்தி முடிப்பதற்குள் லுஹர் பாங்கு சொல்லிவிடும். பிறகு பேச்சாளர் எழுவார். 'மருத்துவராகுங்கள், ஆட்சியராகுங்கள், நீதிபதியாகுங்கள்' என்று முழங்குவார். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அதிக மதிப்பெண் எடுத்த மூன்று பேருக்குச் சுவர்க்கடிகாரம் வழங்கப்படும். கூட்டம் கலையும்.

நல்ல காரியந்தான். சால்வையையும் கடிகாரத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த வழிகள் இன்னும் திறந்திருக்கின்றன என்று எந்த நிர்வாகியாவது கணக்கெடுத்தது உண்டா? வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்ட ஆள் சேர்ப்பதுபோல, எல்லாம் முடிந்துபோன பிள்ளையிடம் 'என்ன குரூப் எடுக்கப் போகிறாய்?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

பாடப்பிரிவு பதினொன்றாம் வகுப்பில்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது நம் சமுதாயத்தில் ஆழமாக வேரூன்றிவிட்ட ஒரு தவறான எண்ணம். அது ஆறாம் வகுப்பிலேயே முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு அப்போது பதினோரு வயது. தேர்ந்தெடுப்பது பிள்ளையும் அல்ல. கடையில் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு இடையே கிடைத்த ஐந்து நிமிடத்தில், பக்கத்துக் கடைக்காரர் சொன்ன பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்து, வாப்பா முடிவெடுத்துவிடுகிறார். பத்து ரூபாய்ச் சரக்குக்கு நாலு கடையில் விலை விசாரிக்கும் வியாபாரி, மகனின் ஏழாண்டுப் படிப்பை விசாரணையே இல்லாமல் ஒப்படைத்துவிட்டு வருகிறார்!

ஒரே சரக்கு, வேறு லேபிள்

மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு விருப்பப் பாடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்தும் எல்லோருக்கும் பொது. 2010 இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து மெட்ரிகுலேஷன் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் நகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பாடத்திட்டத்தைத்தான் படிக்கிறார்கள். எழுதுவதும் ஒரே பொதுத்தேர்வுதான்.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் சகோதரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே தறியில் நெய்த துணிக்கு இரண்டு லேபிள் ஒட்டி, இரண்டு விலை வைத்து விற்பது எப்படி என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் பள்ளிக்கூட வாசலில் மட்டும் லேபிளைப் பார்த்து ஏமாறுகிறார். டை, ஷூ, வாசலில் மஞ்சள் வேன், பெயருக்குப் பின்னால் 'இன்டர்நேஷனல்'. இவ்வளவும் இருந்தால் கல்வி இருந்தே தீரும் என்று நம்புகிறார்.

அடுத்தது 'விருப்பப் பாடம்' என்ற பெயரில் நடக்கும் விற்பனை. ரோபோடிக்ஸ், கோடிங், செயற்கை நுண்ணறிவு, அபாகஸ், பிரெஞ்சு என்று ஆறாம் வகுப்புச் சேர்க்கை விளம்பரத்திலேயே பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அளித்துவந்த திறன் பாடங்கள் ஒவ்வொன்றும் பன்னிரண்டு முதல் பதினைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறு தொகுப்புகள். ஒரு அறிமுகம், அவ்வளவுதான். அறிமுகம் தப்பில்லை, பிள்ளைக்கு ஆர்வம் பிறக்கலாம். ஆனால் வகுத்தல் கணக்கு வராத பிள்ளைக்கு ரோபோ பொம்மையைக் காட்டி வாப்பாவிடம் ஆயிரக்கணக்கில் கறப்பதற்குப் பெயர் கல்வியா? பதினைந்து மணி நேரச் சரக்கை ஓராண்டுச் சரக்கின் விலைக்கு விற்பவனை நம் கடைத்தெருவில் என்ன பெயர் சொல்லி அழைப்போம்?

சட்டம் எங்கே கதவைச் சாத்துகிறது?

இதுவரை சொன்னது பணத்தோடு போகிற நட்டம். பணத்தோடு போகாத நட்டம் ஒன்றுண்டு. அதுபற்றி நம் சமுதாயத்தில் பலருக்கு விஷயமே தெரியாது.

2020 இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. நீட் தேர்வில் தகுதி பெறும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. அதற்கு முந்தைய ஆண்டு மருத்துவக் கல்லூரியில் நுழைந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டும் சேர்த்துச் சுமார் 400 பேர் நுழைந்தார்கள். 2021 இல் இதே ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் கூர்ந்து கவனிக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டுக்குப் பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் அரசுப் பள்ளியில் படித்தால் போதாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்! கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இலவச இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி எட்டாம் வகுப்பு வரை தனியாரில் பணம் கட்டிப் படித்துவிட்டு, வியாபாரம் நொடிந்து, ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இந்தக் கதவு இல்லை. அந்தப் பிள்ளை ஏழையாகவே இருந்தாலும் இல்லை!

இந்த 7.5 விழுக்காட்டுக்குள்ளும் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டு முறை பின்பற்றப்படுகிறது. 2007 இல் நாம் பெற்ற மூன்றரை விழுக்காடு அதற்குள்ளும் இருக்கிறது. பேரணி நடத்தி, மாநாடு கூட்டி, சிறை நிரப்பிப் பெற்ற ஒதுக்கீடு அது. பொதுப் பட்டியலில் நம் பிள்ளை போட்டியிடுவது இரண்டு மூன்று ஆண்டுகள் தனிப்பயிற்சி நிலையத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளோடு. அரசுப் பள்ளிப் பட்டியலில் தன்னைப் போன்ற சூழலிலிருந்து வந்தவர்களோடு மட்டும். அந்த இடத்துக்கு வந்து நிற்க நம் பிள்ளைகளில் எத்தனை பேரை அனுப்பி வைத்திருக்கிறோம்? உரிமையைப் போராடி வாங்கிவிட்டு, அதைப் பெறும் தகுதியை ஆறாம் வகுப்பிலேயே கைகழுவிவிடும் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

இன்னும் சில உண்டு. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம், உயர்கல்வி பயிலும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தது. நிபந்தனை அதேதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. 2024 ஆகஸ்டில் ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தபோதும் ஆறாம் வகுப்புதான் தொடக்கக் கோடு. அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் பிற்பாடு சேர்க்கப்பட்டார்கள். ஆனால் தமிழ் வழியில் படித்திருந்தால் மட்டும்.

எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு ஒன்று நடக்கிறது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 வீதம் நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு மட்டும் 6,695 இடங்கள். மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, படிப்புத் திறன் தேர்வில் 90 கேள்வி. அரசு, உள்ளாட்சி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். தனியார் சுயநிதிப் பள்ளிப் பிள்ளைக்கு இடமில்லை. வட்டிக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டும் தள்ளுவண்டிக்காரருக்கு இதை யார் போய்ச் சொன்னார்கள்?

'அரசுப் பள்ளியில் படிப்பு சரியில்லையே!' என்று முகம் சுளிப்பவர்கள் உடனே எழுந்து நிற்பார்கள். சரி. எந்த அரசுப் பள்ளி? உங்கள் தெருவிலுள்ளதா, அடுத்த வார்டில் உள்ளதா? போய்ப் பார்த்தீர்களா? ஆறு முதல் எட்டு வரை கணிதத்துக்கும் அறிவியலுக்கும் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டீர்களா? கணித ஆசிரியர் இல்லாத பள்ளியில் சேர்க்கச் சொல்லி இங்கே யாரும் வாதாடவில்லை. நல்ல அரசுப் பள்ளியும் உண்டு, மோசமான அரசுப் பள்ளியும் உண்டு. தனியாருக்கும் இதே கணக்குதான். விசாரித்துவிட்டு வேண்டாம் என்று சொல்பவரோடு நமக்குச் சண்டையில்லை. விசாரிக்காமலேயே 'அது ஏழைகள் படிக்கும் இடம்' என்று சொல்பவரோடுதான் சண்டை. நாம் என்ன, ஜமீன் பரம்பரையா?

கணக்குக்குப் பயந்த வியாபாரி மகன்

பத்தாம் வகுப்பு முடிந்ததும் 'கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவன்தானே, காமர்ஸ் போதும்' என்று நம் வீடுகளில் ஒரு தீர்ப்பு வாசிக்கப்படும். வணிகவியல் தரம் தாழ்ந்த படிப்பல்ல. வியாபாரச் சமுதாயம் அதில் கொடிகட்டிப் பறந்திருக்க வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் அதை விரும்பி எடுப்பதில்லை. கணக்கு வராததால் அங்கே ஒதுக்கப்படுகிறார்கள். கணக்கு எப்போது வராமல் போனது? பதினைந்து வயதிலா? இல்லை, பதினொன்றிலும் பன்னிரண்டிலும்.

மாநிலப் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆறாம் வகுப்புக் கணிதத்தில் பட்டியல், இலாபம், நட்டம் என்றே ஒரு பாடம் இருக்கிறது. விகிதம் அதே வகுப்பில் வருகிறது. எட்டாம் வகுப்பில் 'வாழ்வியல் கணிதம்' என்ற பாடத்தில் சதவீதம், தள்ளுபடி, மேற்செலவு, ஜி.எஸ்.டி. வரை சொல்லித் தருகிறார்கள். அதாவது உங்கள் கல்லாப்பெட்டிக்கு எதிரே நடக்கும் அத்தனையும் அந்த மூன்றாண்டுப் புத்தகத்தில் இருக்கிறது! வாப்பா காலையில் கடைக்குப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்புகிறார். கொள்முதல் பில்லை ஒருநாள் மகனுக்கு முன்னால் வைத்து, 'இதில் வரி எவ்வளவு, நமக்கு நிற்பது எவ்வளவு, சொல் பார்ப்போம்' என்று கேட்டிருந்தால், அவன் எந்த ட்யூஷனுக்கும் போக வேண்டியிருந்திருக்காது. நாம் கேட்டது, 'ஹோம்ஒர்க் முடித்தாயா?' அவ்வளவுதான்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அதுவரை பேரேட்டையும் நினைவையும் வைத்துக் கடை நடத்தியவர்கள், மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்வதற்கு அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. கடைத்தெரு முழுவதும் நம் கடைகள். கணக்கு பார்க்கும் ஆடிட்டர்களில் நம்மவர் எத்தனை பேர்? உங்கள் கடைத்தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். சி.ஏ. அடிப்படைத் தேர்வில் வணிகக் கணிதம், புள்ளியியல், தர்க்கம் ஆகியவற்றுக்கென்று ஒரு முழுத் தாளே இருக்கிறது. ஏழாம் வகுப்பில் பின்னத்தைக் கண்டு ஓடிய பிள்ளை அந்தத் தாளின் முன் எப்படி உட்காருவான்? பொறியியல் வேண்டுமென்றாலும் கணிதம், பொறியியல் பட்டயப் படிப்புக்கும் கணிதம், கடையைப் பெரிதாக்க வேண்டுமென்றாலும் கணிதம். கணக்கை விட்ட பிள்ளைக்கு மிஞ்சுவது சபர்! பத்தாம் வகுப்பும் தேறாமல் போனால் அந்தச் சபருக்கும் முட்டுக்கட்டை உண்டு. 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற முத்திரை விழுகிறது. வளைகுடா வேலைக்கு அவர் தனி அனுமதி வாங்கித்தான் விமானம் ஏற முடியும்.

அரசுகள் செய்த துரோகம்

எல்லாப் பழியையும் பெற்றோர் தலையில் போட்டுவிட்டு அரசுகளைத் தப்பவிட நாம் தயாரில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை என்ன சொல்கிறது? நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்கு ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உண்மையான 'விருப்பப் பாடம்' இதுதான். தமிழ்நாட்டில் 2012 இல் 16,549 பேரை இதற்கென்று நியமித்தார்கள். கணினி, தையல், இசை, தோட்டக்கலை என்று பல பாடங்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய்! வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மே மாதம் சம்பளம் இல்லாமல் இருந்தது. பணிநிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அவர்கள் சென்னைத் தெருக்களில் உட்கார்ந்ததை நாடே பார்த்தது. ஆட்சிகள் மாறின, சம்பளத்தில் சில ஆயிரம் ஏறியது, நிலைமை மாறவில்லை. தனியார் பள்ளி ரோபோ காட்டிக் காசு பறிக்கிறது என்றால், அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியைக்கு ஒரு முழு வாரம் வேலை கொடுக்க அரசுக்கு மனமில்லை.

மத்திய அரசின் கைங்கரியம் வேறு விதம். சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கொடுத்து வந்த உதவித்தொகையை 2022 நவம்பரில் ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை கல்வி இலவசம்தானே என்பது அவர்கள் சொன்ன காரணம். நோட்டும் பையும் செருப்பும் பேருந்துக் காசும் இலவசமா? ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் பள்ளியையே பார்க்காதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள் என்று அரசு நியமித்த சச்சார் குழுவே 2006 இல் அறிக்கை கொடுத்தது. 'இவர்கள் பிள்ளைகளெல்லாம் மதரஸாவில் கிடக்கிறார்கள்' என்று பிரச்சாரம் செய்பவர்களுக்கும் அதே அறிக்கை பதில் சொன்னது: மதரஸாவில் பயில்வோர் நூற்றுக்கு மூன்று பேர். எந்த வயதில் பிள்ளைகள் நழுவுகிறார்கள் என்று காட்டிக்கொடுத்த பிறகு, அதே வயதில் கைகொடுத்த தொகையை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

இனி 2020 தேசியக் கல்விக் கொள்கை. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் தச்சு, மின்வேலை, உலோக வேலை, மண்பாண்டம், தோட்டவேலை ஆகியவற்றில் பயிற்சி பெற வேண்டும். பத்து நாள் புத்தகப் பையில்லாமல் உள்ளூர்க் கைவினைஞரிடம் போய்ப் பழக வேண்டும் என்கிறது. கேட்க இனிக்கும். கை வேலை தெரிவது கேவலமல்ல. படித்தவனுக்கு ஆணியடிக்கத் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் 1953 இல் ராஜாஜி, அரைநாள் பள்ளி, அரைநாள் தகப்பன் தொழில் என்று கொண்டுவந்த திட்டத்தை இந்த மண் மறக்கவில்லை. 1954 இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. பத்து நாள் பயிற்சி என்பது பெரிய பள்ளிப் பிள்ளைக்குச் சுற்றுலா. வேனில் போய்ப் பானை பிடித்துப் படமெடுத்துத் திரும்பிவிடுவான். பட்டறையில் ஆள் தேவைப்படும் ஊரில் ஏழைப் பிள்ளை பதினோராம் நாள் பள்ளிக்குத் திரும்புவான் என்பதற்கு யார் பொறுப்பு?

நம் கடைகளிலும் அந்தப் பிள்ளை நிற்கிறான். மறைத்துப் பயனில்லை. 'ஊர்க்காரப் பையன், வீட்டில் கஷ்டம், அதனால் வைத்திருக்கிறோம்' என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்கிறோம். 2016 இல் திருத்தப்பட்ட சட்டப்படி பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்று ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். குடும்பம் என்றால் தாய், தகப்பன், உடன்பிறந்தோர், அவர்கள் வழி மாமன், சாச்சா, மாமி, சாச்சி வரை. ஊர்க்காரப் பையன் இதில் சேரமாட்டான். உங்கள் மகன் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அதே நேரத்தில், அதே வயதுப் பிள்ளை உங்கள் கடையில் டீ வாங்கி வருகிறான் என்றால், அவனுக்கான பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்தவர் நீங்கள்தான்!

நம் பள்ளிகளின் கணக்கு

சொந்த வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம். 1919 இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, 1951 இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி, அதே ஆண்டு சென்னையில் புதுக்கல்லூரி, 1955 இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி. இவையெல்லாம் பெரும்பாலும் தோல் வியாபாரமும் கடல் வணிகமும் செய்த கைகள் கொடுத்த பணத்தில் எழுந்தவை. எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் அங்கே படித்து ஆளானார்கள். அந்தப் பெரியவர்கள் கல்லூரியைக் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கு ஏறிப்போகும் கீழ்ப்படியைக் கவனிக்கும் வேலையைத்தான் நம்மிடம் விட்டுப்போனார்கள்.

நாம் என்ன செய்தோம்? அரசியல் சட்டத்தின் 30 ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமை தருகிறது. அந்த உரிமையைக் காரணம் காட்டி, சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் 25 விழுக்காட்டு இலவச இடம் தரவேண்டிய கட்டாயம் அப்பள்ளிகளுக்கு இல்லாமல் போயிற்று. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று அந்தத் தீர்ப்பின் மீதே ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்குப் பரிந்துரைத்திருக்கிறது. நீதிமன்றம் எப்படியும் சொல்லட்டும். சமுதாயத்தின் பெயரால் சிறுபான்மைச் சான்றிதழ் வாங்கிய சுயநிதிப் பள்ளி, அதே தெருவில் வசிக்கும் மீன்காரர் மகளுக்கு ஆறாம் வகுப்பில் ஓர் இடம் இலவசமாகக் கொடுப்பதை எந்தத் தீர்ப்பு தடுத்தது? உரிமை சமுதாயத்துக்கு, வசூல் நிர்வாகத்துக்கு என்பதுதான் 30 ஆவது பிரிவின் பொருளா?

அரசு உதவிபெறும் நம் பள்ளிகளின் கதை வேறு. அங்கே அநியாயம் இழைப்பது அரசு. கட்டணம் இல்லை, ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு, படிப்பது ஏழைப் பிள்ளைகள். இருந்தும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் அவர்களுக்கு இடமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளையின் வறுமை வேறு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளையின் வறுமை வேறா? கிறிஸ்தவப் பள்ளிகளும் மற்றச் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளும் இதே நிலையில்தான் இருக்கின்றன. எனவே இது நமக்கு மட்டும் கேட்கும் சலுகையல்ல.

வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்து உருதுப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006 ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். ஆண்டுதோறும் நீதிமன்றப் படியேறி விலக்கு வாங்கிக் காலம் தள்ளியது போதும். ஆறாம் வகுப்பிலேயே தமிழை நன்றாகக் கற்பித்துவிட்டால் பத்தாம் வகுப்பில் பயமில்லை. உருது ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக வைத்திருப்பதை எதிர்த்துப் போராடுவோம். அதற்காகப் பிள்ளைகளைத் தமிழில் பலவீனமாக்கி வைத்திருக்க வேண்டியதில்லை.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரியுமா? ஜமாஅத் சந்தா நோட்டில் வீடு வாரியாகப் பெயர் இருக்கிறது. இரண்டு மாலை நடந்தால் எண்ணி முடித்துவிடலாம். மே மாதம் வேண்டாம், மார்ச் மாதமே நடங்கள். எந்தப் பள்ளியில் கணித ஆசிரியர் இருக்கிறார், எங்கே இல்லை என்று எழுதிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உதவித்தொகைத் தேர்வுக்குப் பழக்க மக்தப் கட்டடம் இரவில் காலியாகத்தான் இருக்கிறது; விளக்குச் செலவு மட்டும்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடம் பெற்றோருக்கு என்று சட்டம் சொல்கிறது. உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். உங்கள் தாய்மார்களும் சகோதரிகளும் அதில் உட்காரட்டும்.

வியாபாரப் பெருமக்களே! சுவர்க்கடிகாரத்துக்கும் சால்வைக்கும் ஒதுக்கும் தொகையில், கணித ஆசிரியர் இல்லாத ஒரு நடுநிலைப் பள்ளிக்கு மாலை வகுப்பு எடுக்கப் பட்டதாரி ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று உங்கள் சங்கக் கூட்டத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளை 7.5 விழுக்காட்டில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவர நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று, உங்கள் கடைக்கு ஓட்டுக் கேட்டு வந்து டீ குடித்துவிட்டுப் போன சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் பதில் கேளுங்கள்.